காட்டைச் சுற்றிப் போகிற வழி

1

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் புரியாத விஷயங்களில் ஒன்று, இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது. சந்தைக்கோ பழனிக்கோ நடந்தால் புரியும், போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது. இவர்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காக நடக்கிறார்கள். அதற்கு 'ருண்ட்வெக்' என்று பெயர். வட்டப்பாதை. காலையில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, காடு, வயல், கிராமம், பாழடைந்த கோட்டை என்று இருபது கிலோமீட்டர் சுற்றி, சாயங்காலம் அதே ரயில் நிலையத்தில் வந்து ஏறுவார்கள். "எதுக்கு?" என்று அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டேன். "கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்ப வேண்டாமா?" என்றார். ஒரு மென்பொருள் பொறியாளனிடமிருந்து வேறென்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? நானும் அந்தச் சாதிதான்.

நான் பாடர்போர்னில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ரயிலில் போனால் பிராக்கெல் என்ற சிறு நகரம். பிராக்கெலுக்கு வடக்கே மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகளும் பீச் மரக் காடுகளுமாகச் சில கிராமங்கள் கிடக்கின்றன. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிராக்கெலில் இறங்கி, பெல்லர்சன், ஆபன்பர்க், பேக்கன்டோர்ஃப் வழியாகச் சுற்றி மறுபடி பிராக்கெலுக்கே வருவதாக மொபைலில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பையில் தண்ணீர், இரண்டு சப்பாத்தி ரோல், ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று. ஆன்னெட்டெ ஃபோன் ட்ரோஸ்டெ-ஹ்யூல்ஸ்ஹோஃப் எழுதிய 'டீ யூடன்பூகே'. 'யூதர்களின் பீச் மரம்' என்று சொல்லலாம். அந்தக் குறுநாவலில் 'பி' என்ற ஓரெழுத்தால் மட்டும் சுட்டப்படும் கிராமம்தான் பெல்லர்சன்.

இந்தக் கட்டுரை அந்தக் குறுநாவலைப் பற்றியது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. அன்று காலை பிராக்கெலில் இறங்கும்போது எனக்கு இந்தக் கதை மேல் ஒரு தெளிவான அபிப்பிராயம் இருந்தது. சாயங்காலம் அதே நடைமேடையில் நிற்கும்போது அது இல்லை.

2

ட்ரோஸ்டெயை இங்கே படிக்காதவர்களுக்கும் தெரியும். 1990களில் புழங்கிய 20 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது. பின்பக்கத்தில் ஓர் இறகுப் பேனாவும் ஒரு பீச் மரமும். 1797இல் பிறந்த பிரபுகுலத்துப் பெண், கவிஞர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், 1848இல் இறந்தார். முடித்து வெளியிட்ட கதை என்று பார்த்தால் இது ஒன்றுதான் முக்கியம். 1842 ஏப்ரல் 22 முதல் மே 10 வரை, கோட்டா பதிப்பகத்தின் 'மோர்கன்பிளாட்' பத்திரிகையில் 16 பகுதிகளாக வந்தது. இன்று நாம் சொல்லும் தலைப்பு பத்திரிகை ஆசிரியர் வைத்தது. ட்ரோஸ்டெ எழுதியிருந்தது, மலைப்பாங்கான வெஸ்ட்ஃபாலியாவின் மக்கள் வழக்கங்களைப் பற்றிய ஒரு சித்திரம் என்ற பொருள்படும் வரி. அது துணைத்தலைப்பாகச் சுருங்கிப்போனது. இந்தத் தலைப்பு மாற்றம் ஒரு பெரிய தவறான வாசிப்பைத் தொடங்கிவைத்தது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

கதை இதுதான். 1738இல் ஃப்ரீட்ரிஷ் மெர்கல் பிறக்கிறான். குடிகார அப்பா ஒரு புயல் இரவில் பிரேடர்ஹோல்ட்ஸ் என்ற காட்டில் செத்துக் கிடக்கிறார். மாமா சீமோன் பையனைத் தன்னோடு அழைத்துக்கொள்கிறார். அவர் வீட்டில் ஃப்ரீட்ரிஷைப் போலவே அச்சாக ஒரு பையன், யோகன்னஸ் நீமான்ட். நீமான்ட் என்றால் 'யாருமில்லை' என்று பொருள். காட்டில் நீலச்சட்டைக்காரர்கள் என்ற கும்பல் இரவோடு இரவாக மரத்தை வெட்டிக் கடத்துகிறது. மாடு மேய்க்கும் சாக்கில் ஃப்ரீட்ரிஷ் அவர்களுக்குக் காவல் நிற்கிறான் என்று நாம் ஊகிக்க முடிகிறது. பிராண்டிஸ் என்ற வன அதிகாரிக்கு அவன் காட்டிய வழியில் போய், அந்த அதிகாரி கோடரியால் வெட்டுண்டு சாகிறார். வெட்டியவர் யாரென்று தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1760 அக்டோபரில் ஊரில் ஒரு கல்யாணம். ஃப்ரீட்ரிஷ் வெள்ளிக் கடிகாரத்தைக் காட்டிப் பெருமையடிக்கிறான். ஆரோன் என்ற யூத வியாபாரி எல்லோர் முன்னாலும் வந்து, கடிகாரத்துக்குத் தரவேண்டிய 10 டாலர் எங்கே என்று கேட்கிறார். கூட்டம் சிரிக்கிறது. சில நாளில் ஆரோன் பிரேடர்ஹோல்ட்ஸில் ஒரு பீச் மரத்தடியில் பிணமாகக் கிடக்கிறார். ஃப்ரீட்ரிஷும் யோகன்னஸும் ஓடிவிடுகிறார்கள். அந்தப் பகுதி யூதர்கள் சேர்ந்து 200 டாலர் கொடுத்து அந்த மரத்தை விலைக்கு வாங்கி, அதை யாரும் வெட்டக்கூடாது என்று உறுதி வாங்கி, அதன் பட்டையில் எபிரேய எழுத்தில் ஒரு வாசகத்தைச் செதுக்குகிறார்கள்.

28 வருடம் கழித்து, 1788 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில், துருக்கியரிடம் அடிமையாக இருந்து உடம்பு ஒடிந்த ஒரு கிழவன் ஊருக்குத் திரும்புகிறான். தான் யோகன்னஸ் என்கிறான். மறு வருடம் அதே பீச் மரத்தில் தூக்கில் தொங்குகிறான். பண்ணையார் பிணத்தின் கழுத்திலுள்ள தழும்பைப் பார்த்து, இது யோகன்னஸ் இல்லை, ஃப்ரீட்ரிஷ் என்று தீர்ப்புச் சொல்கிறார். செத்த மாடுகளைப் போடும் குழியில் பிணத்தைப் புதைக்கிறார்கள். கடைசி வரியில்தான் மரத்திலிருந்த வாசகத்தின் பொருள் நமக்குச் சொல்லப்படுகிறது: இங்கே நீ நெருங்கினால் எனக்கு இழைத்தது உனக்கும் வந்துசேரும் என்ற மாதிரி ஓர் எச்சரிக்கை.

'யூதர்களின் பீச் மரம்' என்று தலைப்பு வைத்ததும் இது மர்மக் கதையாகிவிடுகிறது. கொன்றது யார்? தூக்கில் தொங்கியது யார்? மரத்துக்குச் சக்தி இருக்கிறதா? வழக்கங்களின் சித்திரம் என்று படித்தால் கேள்வி மாறுகிறது. இந்த ஊரில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது?

3

பிராக்கெலைத் தாண்டி ஹின்னன்பர்க் கோட்டைக் காட்டுக்குள் ஏறினேன். கோட்டை தனியார் சொத்து, தள்ளி நின்று பார்க்கலாம். பீச் இலைகள் செம்பு நிறத்தில் கொட்டிக் கிடந்தன. வெட்டி அடுக்கிய மரக்கட்டைகளின் முகத்தில் ஸ்பிரே பெயிண்டில் எண்கள். இங்கே காட்டில் கீழே விழுந்த விறகைப் பொறுக்குவதற்கும் பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். பாதை மரங்களில் வெள்ளைப் பெயிண்டில் நடைக்குறிகள். ஒரு குறி கண்ணிலிருந்து மறையும் முன் அடுத்த குறி தெரிகிறது. தொலைந்துபோக நினைத்தாலும் முடியாது.

நான் இந்தக் கதைக்குள் வந்தது விறகு வழியாகத்தான்.

என் அப்பத்தா ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். கேஸ் அடுப்பு வரும்வரை பெண்கள் கூட்டமாக மலைக்குப் போய் விறகு எடுத்து வருவார்கள். அப்பத்தா உச்சந்தலையில் சும்மாடு வைத்து வைத்தே முடி கொட்டியிருந்தது. பாரஸ்ட் கார்டு வந்தால் மேட்டில் மாடு மேய்க்கும் பையன் சீட்டியடிப்பான். மொத்தக் கூட்டமும் கட்டைப் போட்டுவிட்டுச் சிதறிவிடும். அப்படியும் ஒரு தடவை கட்டோடு அருவாளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரி யாரோ கார்டின் குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் ஜீப்பில் வந்து வீடு வீடாக விசாரித்தார்கள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. "மலை என்ன அவுக அப்பன் வீட்டுச் சொத்தா? சாமி வளத்து விட்டது" என்பாள் அப்பத்தா. இந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஊர்க் கட்டுக்கோப்பின் வீர வரலாறு அது. கல்லூரியில் நான் எழுதிய முதல் சிறுகதையும் இதுதான்.

ஆகவே இந்தக் குறுநாவலின் ஆரம்பப் பக்கங்களைப் படித்தபோது சொந்த ஊருக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. எழுதப்பட்ட சட்டத்துக்குப் பக்கத்தில் ஊரின் அபிப்பிராயம், பழக்கம் என்று இரண்டாவது சட்டம் ஒன்று அங்கே உருவாகிவிட்டது என்று கதைசொல்லி சொல்கிறார். விறகு வெட்டுவது முதல் சட்டத்தில் திருட்டு, இரண்டாவதில் உரிமை. இதே 1842இல், கதை வெளியாகி ஆறு மாதம்கூட ஆகாத அக்டோபர் இறுதியில், 24 வயது கார்ல் மார்க்ஸ் 'ரைனிஷ் ட்சைட்டுங்' பத்திரிகையில் விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றிக் கட்டுரைத் தொடர் எழுதுகிறார். காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்குவது ஏழைகளின் பழக்க உரிமையைப் பறிப்பது என்பது அவருடைய வாதம். பொருளாதாரக் கேள்விகள் பக்கம் தன்னைத் தள்ளியவற்றில் இதையும் ஒன்றாக அவரே பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார்.

இன்னொரு விஷயமும் எனக்கு வாகாக அமைந்தது. கதையில் வெட்டுப்படும் வன அதிகாரியின் பெயர் பிராண்டிஸ் என்று சொன்னேன் அல்லவா? 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவர் டீட்ரிஷ் பிராண்டிஸ், பான் நகரத்து ஜெர்மானியர். அவருக்குப் பின் வந்த ஷ்லிஷ், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மானியர்களே. 1882இன் மதராஸ் வனச் சட்டம் உருவானதில் பிராண்டிஸுக்குப் பங்குண்டு. அப்பத்தாவின் அருவாளைப் பிடுங்கிய சட்டத்தின் வேர் அது. பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அது தற்செயல் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனசே இல்லை. மனதுக்குள் கட்டுரை தயாராகிவிட்டது: இங்கே ஒரு பிராண்டிஸ், அங்கே ஒரு பிராண்டிஸ், இரண்டு பக்கமும் விறகு பொறுக்கும் ஏழைகள், அவர்களைக் காப்பாற்றும் ஊரின் மௌனம். ட்ரோஸ்டெயின் தாய்வழிக் குடும்பமான ஹாக்ஸ்ட்ஹவுசன்கள் இந்தப் பகுதியின் நிலப்பிரபுக்கள். அதனால்தான் அவருக்கு அந்த மௌனம் இருட்டாகத் தெரிந்தது, நாம் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும். இதுதான் காலையில் என்னிடமிருந்த தெளிவான அபிப்பிராயம்.

4

பெல்லர்சன் புரூக்ட் என்ற ஓடைப் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன ஊர். நடுவில் தேவாலயம், சுற்றிலும் மரச்சட்ட வீடுகள், ஜன்னல் தொட்டிகளில் பூ. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் ஒரு ஜீவன் இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிரித்தேன். ஊரில் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், அம்மா டீ போட்டுக்கொண்டிருப்பாள். வீடியோ காலில் கூப்பிட்டு ஊரைச் சுற்றிக் காட்டினேன். "என்னடா, மனுசங்களே இல்லாத ஊருக்கா போன?" என்றாள். கதையைச் சொன்னேன். விறகு, சீட்டி, பிராண்டிஸ், ஒருத்தரும் வாயைத் திறக்காதது. "அப்பத்தா ஊரு மாதிரியே இல்லம்மா?" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாதிரிதான். அந்தக் காலனிக்காரரு விசயத்துலயும் ஒருத்தரும் வாயத் தொறக்கலையே" என்றாள்.

எந்தக் காலனிக்காரர்?

கார்டு குடிசை எரிந்த அதே வருடமாம். அம்மா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. காலனியிலிருந்து ஒருவர் தோட்டக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். தலையில் காயம். போலீஸ் வந்தது. வீடு வீடாக விசாரித்தார்கள். தவறி விழுந்துவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "தெரியாதுடா. தெரிஞ்சவுக சொல்லல. உங்கப்பத்தா என்னையக் கூப்பிட்டு, இந்த ஊருல வாக்கப்பட்டுட்ட, கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுன்னாக. எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்லும்போது பொய் சொல்றாப்புலதான் இருந்துச்சு."

நூறு தடவை கேட்ட கதையின் மறுபாதி இது. அப்பத்தா இந்தப் பாதியை எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

5

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே மஞ்சள் புத்தகத்தை மறுபடி பிரித்தேன். என் ஜெர்மன் அரைகுறை. ஆங்கில மொழிபெயர்ப்பை மொபைலில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிப்பவன். தேடியது ஒரு பக்கம்தான். முதல் வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்திருந்த பக்கம்.

ஃப்ரீட்ரிஷ் சின்னப் பையன். வீட்டில் அம்மா மார்கிரேட்டோடு பேசிக்கொண்டிருக்கிறான். ஊர்க்காரர் ஒருவர் யூத ஆரோனை அடித்துக் காசைப் பிடுங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறான். அம்மா சொல்கிறாள்: அப்படிச் செய்திருந்தால் அந்த யூதன் அவரை முன்னால் ஏமாற்றியிருப்பான், அவர் நல்ல குடித்தனக்காரர், யூதர்கள் எல்லோரும் அயோக்கியர்கள். பையன் விடவில்லை. அவர் விறகும் மானும் திருடுகிறார் என்று பிராண்டிஸ் சொல்கிறாரே? பிராண்டிஸ் வனக் காவலர் என்கிறாள் அம்மா. வனக் காவலர்கள் பொய் சொல்வார்களா? கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவள் சொல்கிறாள்: மரத்தைக் கடவுள்தான் சும்மா வளர விடுகிறார், மான் ஒருவர் நிலத்திலிருந்து இன்னொருவர் நிலத்துக்குப் போகிறது, இவையெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை.

முதல் வாசிப்பில் நான் அடிக்கோடிட்டது கடைசி வாக்கியத்தை மட்டும். பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அப்பத்தாவின் குரல் அல்லவா அது? அதற்கு ஏழெட்டு வரிக்கு மேலேயே இருந்த முதல் பாடம் என் கண்ணில் படவே இல்லை. ஒரே வீடு, ஒரே உரையாடல், ஒரே அம்மா. காடு எல்லோருக்கும் பொது என்பதும், யூதனுக்கு நடந்தது அவனுக்குத் தகும் என்பதும் ஒரே மூச்சில் பையனுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. 'எல்லோருக்கும்' என்பதில் யார் யார் உண்டு என்பது காட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

என் விஷயத்திலும் அப்படித்தான். மலை யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்ட அதே வாய்தான் "அந்தப் பக்கம் வெளையாடப் போகாத" என்று என்னிடம் சொன்னது. அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மடியில் உட்கார்ந்துதான் கேட்டேன். கதையாக எழுதியது ஒன்றை மட்டும்.

இப்படிப் படித்ததும் குறுநாவலின் மற்ற பகுதிகளும் இடம் மாறிவிட்டன. பிராண்டிஸ் கொலைக்குப் பிறகு ஃப்ரீட்ரிஷ் பாவமன்னிப்புக் கேட்கக் கிளம்புகிறான். சீமோன் தடுக்கிறார். அண்டை அயலாருக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நினைவூட்டுகிறார். பொய்ச் சாட்சி என்றுதானே இருக்கிறது என்கிறான் பையன். இல்லை, எந்தச் சாட்சியுமே கூடாது என்கிறார் சீமோன். ஒரு சொல்லை எடுத்துவிட்டு மௌனத்தைக் கட்டளையாக்குகிறார். விறகுக் கும்பலைக் காப்பாற்றக் கற்ற இந்தப் பாடம்தான் நான்கு வருடம் கழித்து ஆரோன் கொலையின்போது ஊருக்கே பயன்படுகிறது. கல்யாண வீட்டில் ஆரோன் கடனைக் கேட்கும்போது, யூதனைப் பன்றிக்கு எதிரே தராசில் நிறுத்துப் பாருங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் வருகிறது. யாருடைய குரல் என்று ட்ரோஸ்டெ சொல்வதில்லை. கூட்டத்தின் குரல்.

இங்கேதான் கதையின் மர்மத்தை வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதன் மூலமான நிஜச் சம்பவத்தில் மர்மமே கிடையாது. 1783இல் பெல்லர்சனைச் சேர்ந்த ஹெர்மான் கியோர்க் வின்கல்ஹான் என்ற பண்ணையாள், துணிக்கடன் தகராறில் ஸோய்ஸ்ட்மான் பேரென்ட் என்ற யூத வியாபாரியைக் கொன்றுவிட்டு ஓடினான். அல்ஜியர்ஸில் அடிமையாக இருந்து 1806இல் திரும்பிவந்து தூக்கில் தொங்கினான். ட்ரோஸ்டெயின் தாய்மாமன் ஆகுஸ்ட் ஃபோன் ஹாக்ஸ்ட்ஹவுசன் 1818இலேயே இதை எழுதி அச்சிட்டுவிட்டார். கொலைகாரன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த கதை. ட்ரோஸ்டெ அந்த நிச்சயத்தை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார். இடையில் வேறொரு கொள்ளைக்காரன் தான் ஒரு யூதனைக் கொன்றதாக ஒப்புக்கொண்டதாய் ஒரு கடிதம் வருகிறது. கடைசியில் அடையாளம் காட்டும் தழும்பு அதற்கு முன் கதையில் எங்குமே சொல்லப்பட்டதில்லை. தீர்ப்பைச் சொல்பவர் பண்ணையார், அவரே நீதிபதி.

கொன்றவன் இவன்தான் என்று தெரிந்தால் அது ஓர் ஆளின் குற்றம். அவனைத் தூக்கிலிட்டுவிட்டு ஊர் நிம்மதியாக இருக்கலாம். யாரென்று தெரியாதபோது, அல்லது தெரிந்தவர்கள் சொல்லாதபோது, அது எல்லோர் மேலும் படிகிறது. ட்ரோஸ்டெ மர்மத்தை வைத்தது வாசகருக்குச் சுவாரசியம் காட்ட என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் இருந்த நிஜமான தெரியாமையை, என் அம்மா சொன்னாளே, உண்மையாகவே தெரியாதபோதும் பொய் போலிருந்த அந்தத் தெரியாமையை, வாசகருக்கும் கொடுக்கத்தான்.

எபிரேய வாசகமும் அப்படித்தான். கதையின் நடுவே அது எபிரேய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது, மொழிபெயர்ப்பு இல்லாமல். நான் மொபைல் கேமராவை நீட்டினேன், இரண்டு நொடியில் அர்த்தம் வந்துவிட்டது. 1842இன் வாசகர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரரின் நிலையில்தான் இருந்திருப்பார். காட்டு வழியில் தினமும் தாண்டிப் போகிற ஒரு மரம், அதில் தனக்குப் புரியாத எழுத்து. கதையில் ஒரு ஊர்க்காரர்கூட, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த யூதர்களிடம் கேட்பதாக நாம் பார்ப்பதில்லை.

ட்ரோஸ்டெயை முழுக்க விடுவிக்கவும் முடியாது. ஆரோன் இந்தக் கதையில் கடன் கேட்க வருகிறார், அப்புறம் பிணமாகக் கிடக்கிறார். இடையில் அவருக்கு ஒரு மனம் இருந்ததாகக் கதை காட்டவில்லை. அவர் மனைவி இடிமின்னலோடு பண்ணையார் வீட்டுக்குள் ஓடிவந்து அலறுகிறாள், அவ்வளவுதான். யூதர்களுக்குப் பழிக்குப் பழி மட்டும்தான் தெரியும் என்ற கிறிஸ்தவ மேட்டிமையின் பழைய நம்பிக்கையை அந்த மர வாசகம் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. மார்கிரேட்டின் வீட்டை உள்ளிருந்து எழுத முடிந்த ட்ரோஸ்டெயால் ஆரோனின் வீட்டு வாசலைக்கூட எழுத முடியவில்லை. கதாபாத்திரங்களுக்கு இருந்த தடுப்பு எழுதியவருக்கும் இருந்திருக்கிறது. என் கல்லூரிச் சிறுகதையில் காலனியே கிடையாது என்பது நினைவுக்கு வந்ததால், இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயரவில்லை.

6

பெல்லர்சனிலிருந்து கிழக்கே ஆபன்பர்க் பண்ணையைத் தாண்டி பேக்கன்டோர்ஃப் வந்தேன். அங்கே பேக்கர்ஹோஃப் என்ற மாளிகை, ஹாக்ஸ்ட்ஹவுசன் குடும்பத்துடையது. கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளில் பல இந்தக் குடும்பத்தார் சேகரித்துக் கொடுத்தவை. 1813இல் இளம்பெண்ணான ட்ரோஸ்டெ இங்கேதான் வில்ஹெல்ம் கிரிமைச் சந்தித்தார். 1820இல் இரண்டு இளைஞர்களும் உறவினர்களும் சேர்ந்து நடத்திய ஒரு காதல் சோதனையில் அவமானப்பட்டதும் இந்த வட்டத்தில்தான். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பிவந்த கிழவனைப் பற்றி ட்ரோஸ்டெ எழுதியதில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது, பண்ணையாருக்குத் தூது போகும்போது அவன் பிரேடர்ஹோல்ட்ஸ் வழியாகப் போவதைத் தவிர்ப்பது. நேர்வழி காட்டுக்குள் இருக்க, அவன் காட்டைச் சுற்றிப் போகிறான். கடைசியாக அவனை ஒரு குழந்தை பார்த்தது காட்டின் ஓரத்தில். உட்கார்ந்து ஒரு மரக் கரண்டியைச் செதுக்கிக்கொண்டிருந்தானாம், அதை இரண்டாக வெட்டிவிட்டானாம். காட்டைச் சுற்றி இப்படி நடப்பது என்னவென்று ட்ரோஸ்டெக்குத் தெரிந்திருக்கிறது. வட்டப்பாதை என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பதைக் காலையில் நான் யோசிக்கவில்லை. நடுவில் இருக்கிற ஒன்றுக்குள் போகாமலிருக்கவும் மனிதர்கள் வட்டமாக நடப்பார்கள்.

கொல்லப்பட்ட நிஜ வியாபாரியின் ஊரான ஓவன்ஹாவுசன் பேக்கன்டோர்ஃபுக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது. நான் போட்ட வட்டத்துக்குள் அது வரவில்லை. இருட்டுவதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் போகவில்லை. ஆனால் அந்த ஊரின் ஒரு வீட்டை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அங்கே வாழ்ந்த ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டை அப்படியே பெயர்த்து, டெட்மோல்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1941 டிசம்பரில் இந்தப் பகுதி யூதர்களை பீலஃபெல்டிலிருந்து ரயிலேற்றி ரீகாவுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுக்குள் நின்றபோது, அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ட்ரோஸ்டெ ஒரு நூற்றாண்டு முன்பே இதை முன்னறிந்தார் என்றெல்லாம் சொல்லமாட்டேன், அது விமர்சகர்களின் மிகை. ஒரு ஊர் வாயை மூடப் பழகுவது எப்படி என்பதை அவர் எழுதினார். அந்தப் பழக்கம் நல்ல காரியத்துக்காகவும் தொடங்கலாம் என்பதையும் எழுதினார். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மார்க்ஸ் அந்த வருடம் எழுதியதை நான் இப்போதும் மறுக்கவில்லை. அப்பத்தா விறகு எடுத்தது திருட்டில்லை. அந்தச் சட்டம் அநியாயமானது, அதற்கெதிராக ஊர் ஒன்றுசேர்ந்தது சரிதான். ஆனால் காலையில் நான் எழுத நினைத்த கட்டுரையில் 'ஊர்' என்ற சொல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தது. ஏழைகளின் பழக்க உரிமையைப் பேசும் ஒரு வாசிப்பு, அந்தப் பழக்கத்தில் வேறு என்னவெல்லாம் சேர்ந்திருந்தது என்று கேட்காவிட்டால், மார்கிரேட்டின் பேச்சில் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அடிக்கோடிட்ட என்னைப் போலத்தான் ஆகும். ட்ரோஸ்டெ பண்ணையார் வீட்டுப் பெண் என்பதால் அவரைத் திருப்பி வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். மேட்டில் நின்று பார்த்ததால் அவருக்குச் சில விஷயங்கள் தெரியவில்லை என்பது நிஜம். கீழே நின்று பார்த்த எனக்குத் தெரியாமல் போனவை வேறு.

7

இருட்டும் நேரத்தில் பிராக்கெல் வந்து சேர்ந்தேன். மொபைலில் வட்டம் மூடிக்கொண்டது. 19 கிலோமீட்டர், ஒரு பச்சை டிக்.

ரயிலில் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கிணற்றில் கிடந்தவர் பெயர் என்ன? அம்மாவுக்கு நினைவில்லை. அப்பத்தா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. "எதுக்கு இப்ப?" என்று கேட்டாள். நான் பதில் அனுப்பவில்லை. நீலக்குறி விழுந்ததோடு இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு குரல் செய்தி. யாரிடமோ கேட்டிருக்கிறாள். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் மகள் இப்போது பக்கத்து டவுனில் டீச்சராக இருப்பதாகவும், விசேஷத்துக்கு வந்தால் தன்னிடம் நன்றாகப் பேசும் என்றும், இத்தனை வருடத்தில் தான் ஒரு நாளும் அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னாள். "அடுத்த தடவ பாத்தா கேக்கலாமாடா?" என்று முடித்திருந்தாள்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய மகளிடம் கேட்காமல் எழுதும் உரிமை எனக்கில்லை. மார்ச்சில் ஊருக்குப் போகிறேன். அம்மா கேட்கிறாளோ இல்லையோ, நான் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.